செவுளும் சங்காயமும்: மீன் தேர்வின் அரசியல் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'நல்ல மீனாப் பாத்து வாங்கிட்டு வா' என்று சொல்லி அனுப்பாத வீடு நம்மூர் மீன் தின்னும் சாதிகளில் இருக்க முடியாது. இந்த 'நல்ல' என்கிற அடைமொழிக்குள் எத்தனை வரலாறுகள் புதைந்து கிடக்கின்றன என்று சற்றுத் தோண்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்ல மீன் என்றால் புது மீன். இது பழைய பொருள். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பாக இருந்தால் சரி, பழுப்பேறியிருந்தால் மூடிவிட்டு நகர வேண்டும். கண் குழிவிழாமல் தெளிவாகத் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை எழும்பி வர வேண்டும். இறாலில் தலை உடம்போடு கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தால் அதன் உருவத்துக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். கடல் வாடை அடிக்கலாம், காரமான அமோனியா நெடி அடிக்கக் கூடாது (சுறாவும் திருக்கையும் உடம்பிலேயே யூரியாவைத் தேக்கி வைத்திருப்பவை, அவற்றில் இந்த நெடி சீக்கிரமே ஏறிவிடும்). இந்த அறிவை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தருவதில்லை. மீன் விற்கும் பெண்களும் மீன் வாங்கும் பெண்களும் தமக்குள் பேரம் பேசி, சண்டை போட்டு, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டு வந்த அறிவு இது.

கடந்த கால் நூற்றாண்டில் 'நல்ல மீன்' என்பதற்கு இன்னொரு பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது. கடலைக் காலிசெய்யாமல் பிடிக்கப்பட்ட மீன், நாளைக்கும் மிஞ்சுகிற மாதிரிப் பிடிக்கப்பட்ட மீன். நகரத்து உணவகங்களின் பட்டியல்களிலும் சூழலியல் அமைப்புகளின் கையேடுகளிலும் இப்பொருள் புழங்குகிறது. இது நல்ல விஷயம்தானே, இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். பிரச்சினை இருக்கிறது. செவுள் நேரத்தைச் சொல்லும். வலையைச் சொல்லாது. காலையில் கட்டுமரத்தில் தூண்டிலுக்குச் சிக்கிய விளமீனுக்கும், கடலடியை வழித்துக்கொண்டு வந்த இழுவைமடியில் விடியற்காலை ஏறிய விளமீனுக்கும் செவுள் ஒரே சிவப்புத்தான். ஆக, முதல் பொருளை நம் விரல் கண்டுபிடித்துவிடும். இரண்டாவது பொருளை வாங்குகிறவன் ஒருபோதும் சரக்கிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அது மீனின் உடம்பில் இல்லை. அந்த மீன் கரைக்கு வந்த உறவுகளில் இருக்கிறது. அந்த உறவுகளின் வரலாறு தெரியாமல் 'தேர்வு' பற்றிப் பேசுவது, எத்தனை நல்லெண்ணத்தோடு பேசினாலும், நுகர்வோனின் மனச்சாட்சிக்குத் தைலம் தடவுவதாகவே முடியும்.

2

வரலாற்றை நாற்றத்திலிருந்து தொடங்கலாம். நற்றிணையின் 45ஆம் பாடலில் தோழி, தேரில் வந்த பெருநிலக் காளையிடம் பேசுகிறாள். நீ செல்வம் கொழிக்கிற ஊர்க்காரன், நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் வீசும், தள்ளி நில் என்கிற பொருளில் அவள் பேச்சு போகிறது. உரைகாரர்கள் இதைக் களவொழுக்கத்தில் தோழியின் சாமர்த்தியம் என்று படித்து முடித்துவிடுகிறார்கள். நாம் இதை ஓர் ஆவணமாகவும் படிக்கலாம். புலால் நாற்றம் வர்க்க அடையாளமாக, இருவரைப் பிரித்து நிறுத்தும் கோடாக அன்றே இருந்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தோழி தனக்கான கௌரவமாகத் திருப்பிப்போடுகிறாள் என்பதுதான் பாடலின் அழகு.

ரெண்டாயிரம் வருஷத்துப் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டி, நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். காட்சி ஊடகங்களில் பரவியதால் நடவடிக்கை வந்தது. பரவாத சம்பவங்கள் எத்தனை என்று கடற்கரை ஊர்களில் போய்க் கேட்டால் தெரியும். காலையில் அவர் கூடையிலிருந்த மீன் 'புதுசு'. மாலையில் அவர் உடம்பிலிருந்த அதே வாடை 'நாற்றம்'. புதுமை சரக்குக்கும் நாற்றம் உழைப்புக்கும் பங்கு பிரிக்கப்படுவது இப்படித்தான்.

சென்னையின் வரலாறும் வேறுமாதிரி இல்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போனபோது மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையோர மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ள, மாநகராட்சி கடைகளை அகற்றியது. கரையில் இறங்கிய மீன் இருநூறு முந்நூறு அடி தூரத்தில் விற்பனையாகிற இடம் அது. நகரத்தில் இதைவிடப் புது மீன் எங்கே கிடைக்கும்? புது மீன் வேண்டும், ஆனால் அதைப் புதிதாக வைத்திருக்கிற மனிதர்கள் கண்ணில் படக்கூடாது. நம் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் ரசனை இந்த முரண்பாட்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

3

'புதுசு' என்கிற மதிப்பு எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பனிக்கட்டி வருவதற்கு முன் புது மீன் என்பது கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக நடந்துபோகும் தூரம். அதைத் தாண்டினால் கருவாடுதான். மீனைக் காலத்தில் நீட்டித்தது உப்பும் வெயிலும்.

பனிக்கட்டி சென்னைக்கு வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை டியூடர் என்கிற வியாபாரி கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அதைச் சேமிக்க 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்று அதுதான் விவேகானந்தர் இல்லம். சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் சரக்கெல்லாம் மசூலாப் படகுகளில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். கரையோரக் குப்பங்களின் கண்ணெதிரே இறங்கிய அந்தக் குளிர் வெள்ளைக்காரர்களின் மதுக்கோப்பைக்குப் போயிற்று. மீன் கூடைக்குப் போகவில்லை. தொழில்நுட்பம் வந்துவிட்டால் போதும், எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தக் கட்டிடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம்.

உப்பின் கதை இதைவிடக் கொடுமை. உப்பின் மேல் கம்பெனியும் பின்பு அரசும் வைத்திருந்த ஏகபோகமும் வரியும் மீனை உப்பிடுவதையே கட்டுப்படியாகாத காரியமாக்கின. கடற்கரை ஏழைகள் உவர்மண்ணை வைத்து மீனைப் பாடம் பண்ணினார்கள். அதுவும் சட்டத்தின் கண்ணில் குற்றம்தான். 'இந்தியாவின் மீன்கள்' எழுதிய பிரான்சிஸ் டே 1873இல் தந்த அறிக்கையில் இந்த நெருக்கடி பதிவாகியிருக்கிறது. 1870களிலிருந்து அரசு ஒரு வழி கண்டது. கடற்கரையில் வேலியிட்ட முற்றங்கள் அமைக்கப்பட்டன. அதற்குள் மீனைக் கொண்டுவந்தால் சலுகை விலையில் உப்பு. உப்பை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. நலத்திட்டமும் கண்காணிப்பும் ஒரே வேலிக்குள். அதிகாரம் தடுப்பதோடு நிற்பதில்லை, உற்பத்தி செய்யவும் செய்கிறது என்று ஃபூக்கோவைப் படித்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. நம் கருவாட்டின் வரலாறே சொல்கிறது.

1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் உருவானது. ஜப்பானுக்குப் போய்வந்து அறிக்கை எழுதியவர் அவர். மீனவர்களின் பழைய கருவிகளைப் படிப்படியாக மேம்படுத்துவதையே அவர் விரும்பினார். பெருமுதலீட்டுக் கப்பல்களைத் திடீரெனக் கடலில் இறக்குவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் இக்கரையின் படகுகளையும் வலைகளையும் பொறுமையாக ஆவணப்படுத்தினார். இவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. காலனிய அரசுக்கு வேண்டியது உற்பத்திப் பெருக்கம்தான். 1943இல் மலபார் கரையில் மத்தி குறைந்துபோனதைப் பார்த்துச் சிறுகண் வலைகளுக்கும் குட்டி மத்தி பிடிப்பதற்கும் கட்டுப்பாடு போட்டதும் இதே அரசுதான். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 'கடலைக் காக்கும்' சட்டம் முதலில் யார் வலையை அறுத்தது என்று கவனியுங்கள். சாளை பிடித்துச் சாப்பிட்ட சிறு மீனவனின் வலையைத்தான்.

4

சுதந்திரத்துக்குப் பின் காட்சி மாறுகிறது. 1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டு, 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை – சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ–நார்வே திட்டம் தொடங்கப்பட்டது. மீனவர்களின் வருமானத்தையும் உள்ளூர் மக்களின் மீன் உணவையும் கூட்டுவது அறிவிக்கப்பட்ட நோக்கம். இயந்திரப் படகு, ஐஸ் ஆலை, குடிநீர், மருத்துவமனை எல்லாம் திட்டத்தில் இருந்தன. ஆனால் அதே ஐம்பதுகளில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியிருந்தது. அதுவரை இறால் ஒன்றும் பெரிய சரக்கில்லை. காயவைத்துப் பர்மாவுக்கு ஏற்றுவார்கள், மிச்சம் தென்னைக்கு உரம். அது டாலராக மாறிய கணத்தில் திட்டத்தின் நோக்கமும் மாறிப்போனது. இறால் கடலடியில் சேற்றை ஒட்டி வாழ்வது. அதைப் பிடிக்கக் கடலடியை வழிக்கும் இழுவைமடி வேண்டும். அரசு மானியமும் வங்கிக் கடனும் அந்தப் பக்கம் ஓடின. தமிழ்நாட்டுக் கரையிலும் அறுபதுகளிலிருந்து விசைப்படகுகள் பெருகின.

இழுவைமடி மற்ற வலைகளைப் போன்றதல்ல. செவுள் வலைக்குக் கண்ணளவு உண்டு. குறிப்பிட்ட பருமனுள்ள மீன்தான் செவுளில் மாட்டும். தூண்டிலுக்கு இரையும் முள்ளின் அளவும் உண்டு. ஒவ்வொரு கருவியும் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு தேர்வைச் செய்கிறது. நாட்டுவலைகளில் சாளைக்கு ஒன்று, நண்டுக்கு ஒன்று, திருக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதன் பொருள் இதுதான். மீனைத் தேர்ந்தெடுப்பது சந்தையில் தொடங்குவதில்லை; வலை முடைகிற கையில் தொடங்குகிறது. இழுவைமடி அந்தத் தேர்வை ஒழித்துவிட்டது. வாரியள்ளு, கரையில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம்.

அப்படி வாரியள்ளியதில் இறாலும் கணவாயும் நீங்கலாக மிஞ்சிக் கிடப்பதற்குத் தென்கரையில் ஒரு பெயர் உண்டு: சங்காயம். குட்டி மீன்கள், முள் மீன்கள், நண்டுக் குஞ்சுகள், சிப்பி, கடற்குச்சி, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. முதலில் அது கடலிலேயே கொட்டப்பட்டது. பிறகு கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைகளுக்கும் விலைபோகத் தொடங்கியது. இங்கேதான் கதை திரும்புகிறது. கழிவுக்கு விலை வந்துவிட்டால் அதற்கப்புறம் அது கழிவில்லை. அதைக் குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இறால் குறைந்துபோன பருவங்களில் டீசல் காசைக் கொடுப்பது சங்காயம்தான் என்று படகுக்காரர்களே சொல்கிறார்கள். அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தால் ஒரு விரல் நீளத்தில் விளமீன், சங்கரா, பாறை, ஊளி எல்லாவற்றின் குஞ்சுகளும் கிடக்கும். அடுத்த வருஷத்துச் சந்தை அங்கே கிலோக் கணக்கில் அழுகிக்கொண்டிருக்கிறது.

5

இதை மீனவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைப்பது தவறு. எழுபதுகளின் பிற்பகுதியில் சென்னை தொடங்கிப் பல கரைகளில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் மோதல் வெடித்தது. வலைகள் அறுபட்டன, படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1978இல் தேசிய அளவில் மீனவர் கூட்டமைப்பு உருவானது. 1980இல் கேரளமும் 1983இல் தமிழ்நாடும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களைக் கொண்டுவந்தன. கரையை ஒட்டி மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு என்று நம் சட்டம் கோடு கிழித்தது. கேரளத்தில் 1984இல் நடந்த உண்ணாவிரதங்கள், அடுத்தடுத்து வந்த குழுக்களின் அறிக்கைகள் எல்லாம் முடிந்து 1988இல்தான் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது. 1989 மே முதல் நாள், நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்று இரண்டு கரைகளிலிருந்தும் நடந்துவந்த பயணங்கள் கன்னியாகுமரியில் சேர்ந்தபோது கிடைத்தது துப்பாக்கிச் சூடு. 1991இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கூட்டு முயற்சி என்ற பெயரில் ஆழ்கடல் திறந்துவிடப்பட்டதை எதிர்த்து நாடு முழுக்கக் கடலடைப்பு நடந்தது. அதன் விளைவாக அமைந்த முராரி குழு 1996இல் அந்த அனுமதிகளை ரத்து செய்யப் பரிந்துரைத்தது.

ஆக, 'நிலைத்த மீன்பிடிப்பு' என்று இன்று ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொள்கிற கருத்து இங்கே ரத்தம் சிந்திப் பேசப்பட்டது. பேசியவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது, அவ்வளவுதான். சூழலியல் சொல்லாடல் அவர்களைப் 'பயனாளி' என்றோ 'பங்குதாரர்' என்றோ குறிப்பிடும்போது, கோட்பாட்டை உண்டாக்கியவர்கள் என்ற இடத்திலிருந்து அவர்கள் நழுவி விழுகிறார்கள்.

அதற்காகப் பழமையைக் கொண்டாடிக் கும்மியடிக்கவும் வேண்டாம். பட்டினப்பாலையில் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் சுறவுக் கொம்பு நட்டு வழிபடுவதை எடுத்துக்காட்டி, 'அன்றே நம்மிடம் மீன்பிடித் தடைக்காலம் இருந்தது' என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அது திருவிழா, ஐயா. கள் குடித்துக் கொண்டாடிய ஓய்வு நாள். அதைச் சூழலியலாக்கிக் காட்ட வேண்டிய அவசியம் தமிழ்ப் பெருமைக்குத்தான் இருக்கிறது, கடலுக்கில்லை. கரைவலையிலும் குஞ்சு மீன் ஏறும். சுருக்குமடியைத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அதைப் போடுகிறவர்களும் எதிர்க்கிறவர்களும் மீனவர்களே, பல இடங்களில் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள். 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தபின்னும் அந்தச் சண்டை ஓயவில்லை. விசைப்படகு முதலாளிகளில் கணிசமானோர் வெளியாட்கள் அல்லர். கடனை வாங்கி, மானியத்தை நம்பி, அரசு காட்டிய வழியில் போனவர்கள். நல்ல மீனவன் எதிர் கெட்ட முதலாளி என்கிற சுலபமான இருமை இங்கே செல்லுபடியாகாது.

தமிழ்நாட்டில் 2001இலிருந்து கிழக்குக் கரையில் 45 நாள் தடைக்காலம் அமலானது. 2017இல் அது 61 நாளாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீட்டிக்கப்பட்டது. நாட்டுப்படகுகளுக்கு விலக்கு உண்டு. 'தடைக்காலத்துல நல்ல மீனே கிடைக்காது' என்று நகரத்தில் அலுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த இரண்டு மாதம் உள்ளூர்க் கரையில் இறங்குவது பெரும்பாலும் நாட்டுப்படகு மீன், அன்றன்றைக்குப் போய் வந்த மீன். கிடைக்காமல் போவது வஞ்சிரத் துண்டுதான்.

6

வஞ்சிரம் என்றதும் ருசியின் வர்க்கக் குணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. முள் குறைந்த, துண்டு போட வசதியான, விருந்தாளி முன் வைக்கத் தகுந்த மீன் வஞ்சிரமும் வவ்வாலும் என்று ஆகிவிட்டது. சாளை, காரப்பொடி, நெத்திலி, கிழங்கான் எல்லாம் 'சில்லறை மீன்'. உயிரியல் ரீதியாகப் பார்த்தால் இந்தப் படிநிலையைத் தலைகீழாக்க வேண்டும். சில்லறை மீன்கள் மிதவையுயிர்களைத் தின்று சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் இனம் பெருக்குபவை; வருஷக் கணக்கில் வளர்ந்தால்தான் சினைப்படுகிற பெரிய மீன்களைவிட அவை பிடிப்பைத் தாங்கும். களவா பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுகிற இனம். பெரிய களவாவாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தால் கடலில் ஆண் மிஞ்சாது. சுறா தாமதமாகப் பருவமெய்தி, குறைவாகக் குட்டி போடுவது. பிள்ளைபெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்கிற நம் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. முழங்கை நீளத்துக்கும் குறைவான வஞ்சிரக் குட்டியை வாங்குவது, ஒருமுறைகூட முட்டையிடாத மீனைத் தின்பது.

அதற்காகச் சில்லறை மீன் வற்றாத அட்சய பாத்திரமும் அல்ல. கேரளக் கரையில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் ஏறிய மத்தி 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. கடல் வெப்பமும் எல்-நினோவும் ஒரு காரணம். குஞ்சு மத்தியை டன் டன்னாக மீன்தூள் ஆலைக்கு அள்ளியது இன்னொரு காரணம்.

மேற்குலகம் இதற்குக் கண்ட விடை முத்திரை. 1992 ஜூலையில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் அற்றுப்போய்ப் பிடிப்பு தடை செய்யப்பட்டது. தற்காலிகம் என்று சொன்ன தடை 2024 வரை நீடித்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1997இல் யூனிலீவர் என்கிற பன்னாட்டு நிறுவனமும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பும் சேர்ந்து கடல் மீனுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பை உண்டாக்கின. நம் பக்கத்தில் 2014இல் கொல்லம் அஷ்டமுடிக் காயலின் சிப்பிக்கு அந்தச் சான்று கிடைத்தது. அங்கே கையாலும் சிறு கருவிகளாலும் சிப்பி வாரியவர்கள் ஏற்கனவே தமக்குள் பருவ ஓய்வும் அளவுக் கட்டுப்பாடும் வைத்திருந்ததால்தான் அது சாத்தியமானது. ஆனால் ஒரு மடியில் நூறு இனம் ஏறுகிற வெப்பக் கடலில், ஒரே இனத்துக்கு முத்திரை குத்துகிற குளிர்க்கடல் முறை எத்தனை தூரம் போகும்? சான்றுக்குச் செலவு செய்ய யாரால் முடியும்? ஏற்றுமதியாளரால் முடியும். கூடையில் நாலு கூறு மீன் வைத்திருக்கிற பெண்ணிடம் எந்த முத்திரையும் இருக்காது. அவள் மீன் முத்திரை உள்ளதைவிடக் கடலுக்கு நல்லதாக இருந்தாலும்.

இன்னொரு விடை, வளர்ப்பு இறால். கடலை விட்டுவிட்டுக் குட்டையில் வளர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். தொண்ணூறுகளில் நாகப்பட்டினம் கரையில் நெல்வயலும் குடிநீரும் உப்பாகி, காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலிருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் வந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தொழிலுக்குப் புதுவழி திறந்துவிட்டது. 2009இல் பசிபிக் கடலின் வெனாமி இறால் அனுமதிக்கப்பட்டு, இன்று ஏற்றுமதியில் அதுவே பெரும்பங்கு. அந்த இறாலுக்குப் போடுகிற தீவனத்தில் என்ன இருக்கிறது? மீன்தூள். மீன்தூளில்? மத்தியும் சங்காயமும். கடலை விட்டு வந்துவிட்டதாகச் சொல்கிற இறால் கடலைத்தான் தின்கிறது.

7

இத்தனைக்கும் பிறகு, என்ன மீன்தான் வாங்குவது என்ற கேள்வி நிற்கிறது. நியாயமான கேள்வி. தேர்வே ஒரு மாயை என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வது அறிவுஜீவிச் சோம்பல்.

பருவத்தில் எது நிறைய வருகிறதோ அதை வாங்கலாம். கூறு கட்டி விற்கும் சாளையும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் வாரத்தில் பாதி நாளுக்குப் போதும். இனத்துக்குரிய அளவு வளராத குட்டியை, எத்தனை மலிவானாலும், வேண்டாம் என்று சொல்லலாம். வயிறு நிறைய வெளிச்சினை சுமக்கும் நண்டைத் திருப்பி வைக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சரியாக ஐஸ் படாமல் கிடந்தால் அவற்றில் உண்டாகும் ஹிஸ்டமின் நஞ்சு சமைத்தாலும் போகாது என்பதால் அங்கே மட்டும் செவுள் விஷயத்தில் தயவு காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது தூண்டிலா, வலையா, மடியா? எந்தக் கரை?' என்று கேட்கலாம். மீன்காரம்மாவுக்கு அதற்குப் பதில் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சீருடையில் நிற்கும் பையனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்றே அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 2018இல் கேரளத்தில் பார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டுப் பீதி பரவியபோது, நெடுந்தூரம் லாரியில் போன பெருவணிகச் சரக்கின் பாவம் தெருவில் விற்ற பெண்களின் தலையில் விழுந்தது. பயந்தவர்கள் பிளாஸ்டிக் உறையிட்ட மீனுக்கு ஓடினார்கள். உறையைக் கிழித்துச் செவுளைப் பார்க்க முடியாது என்பதை யோசிக்கவில்லை.

ஆனால் வாங்குவதோடு இது முடிவதில்லை. பாக் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமில்லாத அந்தக் கடலில் எழுபதுகளிலிருந்து நம் விசைப்படகுகள் பெருகின. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஒரு ஏற்பாட்டில் இங்கே காலம் ஓடுகிறது. நம் பக்கம் மீன் அற்றுப்போனதும் மடிகள் எல்லை தாண்டின. போரால் கடலை இழந்து கிடந்த யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் 2009க்குப் பிறகு சிறு படகுகளோடு திரும்பி வந்து போட்ட வலைகளை அறுத்துக்கொண்டு போவது இந்த மடிகள்தான். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு நம் அரசுகள் இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவித்தன, மாறியவை கொஞ்சமே. இலங்கைக் கடற்படை சுட்டதும் சிறைபிடித்ததும் கண்டிக்கத் தக்கவை. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கண்டனத்தின் மறைவில், தமிழனின் மடி தமிழனின் வலையை அறுப்பதைப் பேசாமல் விட்டுவிடுகிற தமிழுணர்வு யாருடைய உணர்வு? கச்சத்தீவை மேடைதோறும் மீட்கிறவர்கள் சங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா?

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய கோரிக்கைகள் இங்கிருந்து வருகின்றன. பாக் நீரிணையில் இழுவைமடியைக் காலக்கெடு வைத்து நிறுத்துவது. படகுக்காரரின் கடனுக்கும் கூலித் தொழிலாளியின் பிழைப்புக்கும் அரசு பொறுப்பேற்பது, ஏனென்றால் அவர்களை அந்தப் படகில் ஏற்றியது அரசு. இருகரை மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசுவது. குஞ்சு மீனை அரைக்கும் ஆலைகளைக் கட்டுப்படுத்துவது. மீன் விற்கும் பெண்களுக்குக் கரையிலும் சந்தையிலும் பேருந்திலும் இடத்தை உரிமையாக்குவது. இவை நடக்காமல் தட்டில் எந்த மீனை வைத்தாலும் அது நல்ல மீனாக ஆகிவிடாது. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். அப்படியே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள்: 'அம்மா, இது எந்த மடியில வந்தது?'